செம்புக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன்

மச்சான்,

அபியைக் கூட்டிக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

செம்புக் குடத்தைப் பரண்ல ஏத்திட்டேன், இறக்கிராதீக. சத்துன்னு தினம் அந்தத் தண்ணியைக் குடுத்தோமே! டாக்டர் சொன்னாரு, மத்தவுக உடம்புல இருந்து செம்பு வெளியேறிருமாம். நம்ம மகளுக்கு ஈரல்லயே தங்கிருச்சாம்.

நேத்து அத்தை எங்க வீட்டு ரத்தத்தைக் குறை சொன்னப்ப நீங்க வாயே தொறக்கல. தாய், தகப்பன் ரெண்டு பேர்ட்டயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு இந்த நோய் வருமாம். அத்தை எங்க அப்பா கூடப்பிறந்தவுகதானே. அவுகட்ட சொல்லிராதீக, தாங்கமாட்டாக.

ஈஸ்வரி

அவ தம்பிக்கும் ரத்தம் பார்க்கணுமாம். அபிக்கு முதல்ல கையெழுத்துத்தான் கோணுச்சு. அவன் வீட்டுப்பாட நோட்டு டிவி மேல இருக்கு, விரிச்சுப் பாருங்க. நான் மூணு தடவை கையில எடுத்தேன். விரிக்கத் தைரியம் வரல.