தர்ஷினி பல்லுக்கு நான் போட்ட டிக்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வெங்காயக் காட்டில். இரண்டு முறை ஓடினேன்.

தங்கச்சி தர்ஷினி பள்ளிக்கூடத்துக்கு இன்று வேனில் பல் டாக்டர்கள். ஏழாம் வகுப்பு முழுக்க மரத்தடியில் உட்கார வைத்து, வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்களாம். ஆளுக்கொரு பிரஷ், பேஸ்ட். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"டாக்டரக்கா என் கன்னத்தைப் புடிச்சு, வாயத் தொற தங்கம்னாங்கக்கா."

தங்கமாம்.

நான் படித்த ஒன்பது வருஷத்தில் ஒரு டாக்டரும் வரவில்லை. அம்மா ஆபரேஷனோடு நான் படிப்பை நிறுத்தினேன். இரண்டே வருஷத்தில் வேன், டார்ச், தங்கம்.

அவளுக்குக் கடவாயில் சொத்தை. வியாழக்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் அடைப்பார்களாம். எனக்கு முன்பல்லிலேயே சொத்தை. யார் கேட்டார்கள்?

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் இரண்டு நடை. ரேஷன் (பருப்பு வரவில்லை). துணி.

சம்மதத் தாள் கொண்டுவந்தாள் தர்ஷினி. பெற்றோர் கையெழுத்து வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா கையெழுத்து என்றால் நான்தான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைக்க வெட்கம். ஐந்தாம் வகுப்பிலிருந்தே 'செ. அஞ்சலை' என்று நானே போடுகிறேன். என் ரேங்க் கார்டில் நானே. என் டி.சி. வாங்கக் கொடுத்த தாளிலும் நானே.

"என்னன்னு பாத்துப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு அம்மா களை வெட்டப் போய்விட்டது.

இரண்டு கட்டம். சம்மதம். சம்மதம் இல்லை.

இல்லை என்பதில் டிக் போட்டேன். மடித்து அவள் பையில் வைத்தேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நம்புகிறாள், கழுதை.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை.

அழுதுகொண்டே வந்தாள். டீச்சர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டாராம்.

"அம்மா வேணாம்னுடுச்சாம்க்கா. அம்மாவுக்கு ஏங்க்கா என்னைப் புடிக்கல?"

அம்மா வந்ததும் அம்மாவிடம் சண்டை. "நான் எப்படி வேணாம்னேன்?" என்று அம்மா என்னைப் பார்த்தது. நான் அடுப்பைப் பார்த்தேன்.

சோற்றை இடது பக்கமே ஒதுக்கி மென்றாள். வலிக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு, "தேங்ஸ்க்கா" என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்."

அடித்தாள். முதுகில் மூன்று. அம்மா தடுக்கவில்லை. "காலையில நீயே போயி டீச்சர்கிட்ட சொல்லு" என்று மட்டும்.

ஜூலை 10, வியாழன்

அதே பள்ளிக்கூட கேட். என் வகுப்புப் பெண்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று யூனிஃபார்ம் இல்லாத தோளைக் குறுக்கிக்கொண்டு போனேன். கணக்கு டீச்சர் தாளை எடுத்தார்.

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஏன்டி இப்படிப் பண்ணுன?"

மேஜை ஓரத்தைச் சுரண்டினேன். கடைசியில், "எனக்கு யாரும் பாக்கல டீச்சர்" என்று வந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்ல நினைத்திருந்தேன்.

டீச்சர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். தர்ஷினி பெயரைத் திரும்ப எழுதினார். "நீயும் பஸ்ஸில ஏறு. புள்ளைக்குத் துணைக்கு."

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரக்கா எல்லோரையும்தான் தங்கம் என்கிறார். மூக்கு ஒழுகுகிறவனையும். தர்ஷினி என் விரலை நெரித்துப் பிடித்தாள். மன்னிப்பு இல்லை, பயம்.

அடைத்து முடித்ததும் டாக்டரக்கா என்னைப் பார்த்து, "உனக்கு அந்தப் பல்லு எத்தனை நாளா?"

"நான் ஸ்கூல் இல்லைங்க."

"ஸ்கூல் புள்ளைங்களுக்கு மட்டுமா ஆஸ்பத்திரி? கீழ போயி சீட்டு வாங்கிட்டு வா."

இவ்வளவுதானா? இரண்டு வருஷமாக யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்.

சீட்டு வாங்கினேன். பல்லைப் பிடுங்க வேண்டாமாம், காப்பாற்றலாமாம். நான்கு தடவை வர வேண்டும். முதல் தடவை புதன்கிழமை.

திரும்பும்போது பஸ்ஸில் தர்ஷினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆலத்தூர் கேட் ஸ்டாப் தாண்டியதும், கன்னத்தைப் பிடித்தபடி:

"உனக்கு மட்டும் நாலு தடவை டவுனா?"

"ஆமா."

"எனக்கு ஒரே தடவை."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவில்லை. பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும்.