மலைமேல் வள்ளமும் தலைகீழ்க் கொடியும்

அப்பா,

இன்று காலை அராம் உங்கள் கொடியை இஸ்திரி போட்டார். சூடு பட்டதும் துணியிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் கிளம்பியது. எத்தனை முறை துவைத்தாயிற்று! வள்ளத்து எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கேன்களோடு கொடியையும் ஒரே அறையில் வைத்திருந்த ஆள் அல்லவா நீங்கள். மஸ்கட் வீட்டின் கூடத்தில் நின்றபடியே நான் கேரள எல்லையோரத்து நம் பொழியூர்க் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இங்கே ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், அராம் எக்ஸ்ரே பிரிவில். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஃபோனில் சொன்னேன். அர்மீனியா என்ற பெயரைக் கேட்டதும் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது எந்தக் கடலுக்க கரையாக்கும்?"

கடலே இல்லாத நாடு என்றேன்.

"கடலு இல்லாத்த ஊருக்கு எப்படி மக்கா பெண்ணைக் குடுக்கியது?" என்று ஃபோனை வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் சம்மதிக்காமல் கட்ட மாட்டேன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வேறு வழி தெரியாமல் லீவில் அவரையும் கூட்டிக்கொண்டே வந்தேன். உதியன்குளங்கரையில் காரை நிறுத்தி அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கட்டிவிட்டேன். தெருவே சிரித்தது, நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா மீன் பொரித்து வைத்தாள். நீங்கள் வலையைப் பார்ப்பதுபோலக் குனிந்தே இருந்தீர்கள்.

அராம் தன் பாஸ்போர்ட்டை எடுத்து உங்களிடம் நீட்டினார். தன்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைத்தாராம். நீங்கள் உள்ளே புரட்டவே இல்லை. அட்டையில் இருந்த சின்னத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் சிங்கம். அவை உங்கள் கண்ணில் படவேயில்லை.

"இது வள்ளமல்லியா? மலைக்க மேல வள்ளத்தை ஆரு கொண்டு வச்சா?"

"நோவாவுக்க பேழையாக்கும் அப்பா. வெள்ளம் வடிஞ்சப்போ அது தங்கின மலை."

"அப்போ இவனுக்க ஆளுகளும் வள்ளக்காரங்கதான்" என்றீர்கள். கீழே அறுந்து கிடந்த சங்கிலியைப் பார்த்ததும் நங்கூரம் போய்விட்டதா என்று பதறினீர்கள். அடிமைத்தனம் ஒழிந்ததற்கு அடையாளம் என்று அராம் சொன்னதை மொழிபெயர்த்தேன். "எங்களுக்குச் சங்கிலி அறுந்தா ஆபத்தாக்கும்" என்று அவரிடமே தமிழில் சொன்னீர்கள். கொடியின் நிறம் என்ன என்று கேட்டீர்கள். சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்றேன். எது மேலே எது கீழே என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அந்த மலை அவர் வீட்டுக்குப் பக்கமா என்று விசாரித்தீர்கள். வாசலில் நின்றால் தெரியும், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நாட்டில் இருக்கிறது, போக முடியாது என்றார் அராம்.

"நான் பொறந்த வீடும் எல்லைக்கு அந்தப் பக்கம் நீரோடியிலதான். நெனச்சா நடந்து பெய்ட்டு வாறேன். இவனுக்கு முடியாதா? படம் மட்டும் வச்சிட்டு இருக்கியான், பாவம்" என்று பாஸ்போர்ட்டைத் துண்டில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். அப்போதும் சம்மதம் என்று ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் விடியுமுன்னே எங்கோ போய்விட்டீர்கள். அன்று நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நீங்கள் போனது துணி தேடியாம். சிவப்பு, பாறசாலையில் கட்சிக் கொடி தைக்கிற கடையில். நீலம், மாதா திருநாளுக்குத் தோரணம் தைத்ததில் மிச்சம். ஆரஞ்சு, செங்கல் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கடையில். மூன்றையும் சேர்த்துத் தைத்து, கோயில் திருநாள் கொடியேற்றுக்குக் கட்டுவதுபோல ஒரு நீண்ட கமுகுக் கம்பில் கட்டி, அடுத்த நாள் நான் எழுந்து வருமுன் முற்றத்தில் நட்டு வைத்திருந்தீர்கள்.

அதுதான் உங்கள் பதில் என்று புரிந்து நான் வாசலிலேயே அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாகப் பார்த்தால், கொடி தலைகீழாகப் பறக்கிறது! நம் நாட்டுக் கொடியில் காவி மேலேதானே, அதே கைப்பழக்கத்தில் ஆரஞ்சை மேலே வைத்துவிட்டீர்கள். அராம் வாய் திறந்து தவறு என்று சொல்லிவிட்டால், ஊர் பார்க்க நீங்கள் குறுகிப்போவீர்கள். குறுகினால் திரும்ப விரிகிற ஆளா நீங்கள்?

அராம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நெஞ்சில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார்.

"நெறத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்? கேளு மக்கா" என்றீர்கள்.

அவர் நீங்கள் கட்டியிருந்த வரிசையிலேயே மேலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். ஆரஞ்சு, மக்களின் உழைப்பு. நீலம், சண்டையில்லாத வானம். சிவப்பு, சிந்திய ரத்தமும், விடாமல் பிடித்திருந்த விசுவாசமும்.

"சரியாத்தான் கெட்டியிருக்கேன். சோலி மேல, ரெத்தம் அடியில. எலே, வா, சாயா குடிப்போம்" என்று அவர் தோளில் கைபோட்டீர்கள். அந்த 'எலே' காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சொந்தப் பையன்களைத் தவிர வேறு யாரை நீங்கள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

சில வருடம் கழித்து டிவியில் ஏதோ விளையாட்டைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தீர்கள். "சிவப்பல்லியா மேல இருக்கு! ரெண்டுபேரும் எனக்கிட்ட சொல்லல்லியே, கள்ளப் பயக்களே!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் ஃபோன் அதிர்ந்தது. நானும் அராமும் அத்தனை நாளாகக் காத்து வைத்திருந்த பயம் அன்றோடு போயிற்று.

இன்று நீங்கள் எங்களை விட்டுப் போன நாளின் ஆண்டு நினைவு. ஜெபத்துக்கு வந்த அராமின் ஊர்க்காரர் ஒருவர் அராம் இஸ்திரி போட்டுச் சுவரில் மாட்டிய கொடியைப் பார்த்ததும் பதறி எழுந்து, தலைகீழாக இருக்கிறதே என்று திருப்பப் போனார். அராம் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அர்மீனிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னார்:

"தொடப்பிடாது. இது எனக்க மாமாவுக்க கொடியாக்கும்."