மொட்டைமாடிச் சாவியும் அக்கா நாட்டுத் தேர்தலும்

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். அக்கா பிழைக்கப் போன நாட்டு மக்கள் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று முகநூலில் பன்னிரண்டு பத்தி அறிவுரை எழுதினேன். அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை மகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் எழுதி முடித்த பிறகு.

மார்ச் 4
அக்கா போன். "எங்க தேர்தல்ல உனக்கு என்னடா வேலை? நான் நீ சொன்ன ஆளுக்குத்தான் போடறதா இருந்தேன். நீ எழுதினதைப் படிச்சதும் மனசு மாறிடுச்சு."
உலகமே ஒரு குடும்பம்தானே என்றேன்.
"சரி, இதை ஞாபகம் வச்சுக்கோ."


மார்ச் 9
இனி நம்ம தேர்தல். பதினெட்டு வீட்டுக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக நிற்கிறேன். எதிரே, எட்டு வருடமாக மொட்டைமாடிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அலையும் மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார். துணி காயப்போட அவருக்கு மனு எழுத வேண்டும். போன வாரம் என் மனைவியின் மனுவில் இல்லாத ஒரு தலையணை உறை கொடியில் தொங்கியதாம் — வாளியோடு திருப்பி அனுப்பிவிட்டார்.
"அந்தச் சாவி இல்லாம வீட்டுக்கு வராதீங்க" என்கிறாள்.

மார்ச் 11
பாவி. அக்கா நம் சங்கத்து வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறாள்: 'தூர தேசத்திலிருந்து ஒரு விண்ணப்பம். என் தம்பிக்கு ஓட்டுப் போடாதீர்கள். பதினோரு வருடம் முன்பு இரவல் வாங்கிய குடையே இன்னும் வரவில்லை. சாவி எம்மாத்திரம்?'
இவளை யார் இந்தக் குழுவில் சேர்த்தது?

மார்ச் 12
எல்லாம் தலைகீழ். மூன்றாம் மாடி டாக்டரம்மா கொதிக்கிறார்: "எங்கேயோ உட்கார்ந்துகிட்டு நம்ம மாடியைப் பத்திப் பேச இவங்க யாரு?" வீட்டுக்கு வீடு ரோஷம். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆறுதல் வாங்கினேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

மார்ச் 15
பத்துக்கு எட்டு. ஜெயித்துவிட்டேன். அக்கா நாட்டில் நான் சிபாரிசு செய்த ஆள் மண்ணைக் கவ்வினார்.
சூட்டோடு சூடாக முதல் தீர்மானம்: வெளியாட்கள் நம் சங்க விஷயத்தில் தலையிடக் கூடாது. கைதட்டல். வாத்தியாரும் தட்டினார். ஏன்?

மார்ச் 16
வாத்தியார் பதிவேட்டோடு வந்தார். சாவி இன்னும் இடுப்பிலேயே.
"தீர்மானம் பிரமாதம் சார். வீட்டுச் சொந்தக்காரங்க தவிர எல்லாருமே வெளியாள்தான். விதி நாலு. படிங்க."
படித்தேன். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே, உரிமையாளர் என்ற இடத்தில் அக்கா பெயர். பன்னிரண்டு வருடமாக வாடகை தராமலே இருந்ததில் அது மறந்தே போயிருந்தது.