மாட்டேன் என்று கொடுத்த பட்டு

என் கண்ணான அக்காவுக்கு,

நீ கண்மூடிப் போன இடத்தில் பிப்ரவரிக்கு எத்தனை நாளோ, தெரியாது. இங்கே இந்த வருஷம் இருபத்தொன்பது. அந்த ஒரு நாள்தான் உன் தம்பியைக் கவிழ்த்தது.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அயர்லாந்து மதாம்மா ஒருவர் டாக்டராக வந்திருக்கிறார். தேநீர் வேளையில் தன் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். அங்கே லீப் வருஷத்தில் பெண்ணே ஆணிடம் போய்க் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமாம். அவன் மாட்டேன் என்றால் அபராதமாக ஒரு பட்டு உடுப்பு தர வேண்டுமாம். எல்லோரும் சிரித்தோம், நர்ஸ் ஞானம் தவிர. உனக்குக் கடைசி மாதம் ஊசி போட்டாளே, அந்த விதவைப் பெண்தான்.

இருபத்தொன்பதாம் தேதி நான் இருமல் மருந்து கலக்கும்போது வந்து நின்றாள்.

"கம்பவுண்டர் சாரே, மதாம்மா சொன்னத கேட்டியள்லா? நானும் கேக்கேன். என்னைக் கெட்டுவியளா?"

எனக்கு நாற்பத்தாறு வயது, முன்பல் ஒன்று இல்லை. இவனிடம் இப்படிக் கேட்க ஒருத்தி உண்டென்று நீயாவது நம்பினாயா? சபையார் வாய்க்குப் பயந்து மாட்டேன் என்றுவிட்டேன். அவள் திரும்பிப் போனாள். அன்று மருந்தில் சர்க்கரைப் பாகை இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன். இருமல் நின்றவர்களும் மறுநாள் வந்து கேட்டார்கள்.

மனசு கேட்கவில்லை. மறுத்ததையாவது மரியாதையாக மறுப்போமே என்று கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு பட்டுப் புடவை எடுத்து அவள் அம்மா கையில் கொடுத்தேன். புத்திசாலித்தனத்தைப் பார்! அந்த அம்மாவுக்கு அயர்லாந்து தெரியுமா? ஆண்பிள்ளை பெண்வீட்டில் புடவை கொடுத்தால் நம் நாட்டில் என்ன அர்த்தம் என்பதுதான் தெரியும். பழைய நாளில் எத்தனை வீட்டில் அதுவே கல்யாணம்! சாயங்காலத்துக்குள் தெருவே எனக்குச் சம்பந்தி முறை கொண்டாடியது.

மறுநாள் ஞானம் புடவையை என் மேஜைமேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"இது மதாம்மா ஊரு வழக்கத்துல தந்ததா, நம்ம ஊரு வழக்கத்துல தந்ததா? அத மட்டும் சொல்லுங்க. அம்மைக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அக்கா, மாட்டேன் என்ற நாள் முதல் நான் சரியாகத் தூங்கவில்லை. அவள் புடவையை வைத்துவிட்டுப் போய்விடுவாளோ என்றுதான் அப்போது பயமாக இருந்தது. சபையார் ஞாபகமே வரவில்லை.

"நம்ம ஊரு வழக்கம்" என்றேன்.

புடவையை எடுத்துக்கொண்டாள். "அப்பம் நெறம் பாத்து எடுத்திருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள்.

வரும் ஞாயிறு சபையில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசிக்கிறார்கள். யாருக்காவது தடை உண்டா என்று போதகர் கேட்கும்போது நான் எழுந்து ஓட மாட்டேன். அவள் கண்ணில் படும்படி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

நீ கல்யாணக் கோலத்தில் பார்க்காமல் போன மாப்பிள்ளை,
உன் ஒரே தம்பி செல்லையா