செங்கல் சிவப்பு

மார்ச் 3
பாப்பா இன்றும் குடித்ததையெல்லாம் கக்கிவிட்டாள். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எடை ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. கண்ணெல்லாம் மஞ்சள். பச்சைக் குழந்தைக்கு இது சகஜம், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

சமையல் மேடையில் பிசுபிசுவென்று ஒரு ஸ்பூன். சீனி. என்னைப் பார்த்ததும் மாமியார் அதை எடுத்துக் கழுவினார். ஏன் அவ்வளவு அவசரம்?

மார்ச் 4
சீனி டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். இன்று சீனி கோட்டுக்குக் கீழே. நானும் மனைவியும் சீனியே சேர்ப்பதில்லை. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. பின்னே யார் வாய்க்குள் போகிறது?

டப்பா ஏன் காலியாகிறது என்றுதான் கேட்டேன். "பச்சப்புள்ளைக்கு நான் ஏன் மாப்பிள்ளை சீனித்தண்ணி குடுக்கப்போறேன்?" என்றார். சீனித்தண்ணீர் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லையே!

மார்ச் 5
கல்லூரியில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன், சொந்த வீட்டில் துப்புத் துலக்க முடியாதா? ஆய்வகத்திலிருந்து, சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிற பெனடிக்ட் கரைசல் கொஞ்சம் கொண்டுவந்தேன். பாப்பாவின் இடுப்புத் துணிக்குள் பஞ்சு வைத்து, நனைந்ததும் பிழிந்தேன். கரைசலில் சில சொட்டு விட்டு, சோதனைக்குழாயைக் கொதிநீரில் நிறுத்தினேன். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் சிவப்பாக அடியில் படிந்தது. சிறுநீரில் சர்க்கரை! கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

குழாயை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினேன். என்னென்னவோ பேசிவிட்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 6
போகட்டும். இனி சரியாகிவிடும்.

மார்ச் 7
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பாப்பா அழக்கூட இல்லை, துவண்டு கிடந்தாள். மறுபடி பஞ்சு, குழாய், கொதிநீர். மறுபடி செங்கல் சிவப்பு. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். ஒரு கணம் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன் — சீச்சீ, என்ன புத்தி இது!

அவள் கவனித்துவிட்டாள். மாமியார் தன் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பா அலமாரியில் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து அதே பஞ்சில் ஒற்றினாள். நிறம் மாறவே இல்லை.

"இதுல சர்க்கரையே இல்லைங்குது. உங்க குழாய் பொய் சொல்லுதா, எங்கம்மா ஸ்ட்ரிப் பொய் சொல்லுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஸ்ட்ரிப்புக்குக் குளுக்கோஸ் ஒன்றைத்தான் தெரியும். பெனடிக்டுக்கோ குளுக்கோஸும் அதன் பங்காளிகளும் ஒன்றுதான். அப்படியானால் இது வேறு சர்க்கரை. பால் சர்க்கரை உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். நாலாவது கார்பனில் ஓஹெச் வலப்பக்கம் இருந்தால் குளுக்கோஸ், இடப்பக்கம் மாறி உட்கார்ந்தால் காலக்டோஸ். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த இடப்பக்கத்துச் சர்க்கரையைப் பாப்பாவின் உடம்பால் சமாளிக்க முடியவில்லையோ? ஐயோ, நாங்கள் நிறுத்தாமல் கொடுத்த பாலா?

இன்னொரு கேவலமும் உண்டு. சீனியால் பெனடிக்ட் சிவக்கவே சிவக்காது. வருஷா வருஷம் நானே கரும்பலகையில் எழுதுகிற பாடம்.

மார்ச் 9
பாலை அடியோடு நிறுத்திவிட்டார்கள். சோயாப் பவுடர் கரைத்துக் கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் காலக்டோஸ் என்றுதான் சொல்கிறது, பிறவிக் கோளாறு. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். புத்தி போகுமா? "பாதி உங்ககிட்ட இருந்து, பாதி குழந்தையோட அம்மாகிட்ட இருந்து" என்றார் பெரிய டாக்டர்.

மார்ச் 16
பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேராக மைத்துனன் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். சீனியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரே சொன்னார்: "என் காப்பிக்குத்தான். மக திட்டுவான்னு ஒளிச்சேன்."

கூடவே வந்துவிட்டார். ஆனால் பாப்பாவைத் தொடவில்லை.

மார்ச் 20
எடை ஏறுகிறது. கண்ணில் வெள்ளை தெரிகிறது. மாமியார் துணி துவைக்கிறார், சோயாப் பால் கரைக்கிறார், புட்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இன்று ஒரு தட்டில் நனைந்த பஞ்சை வைத்து என் முன்னால் நீட்டினார். "நான் வந்து நாலு நாளாச்சு. பாத்துடுங்க மாப்பிள்ளை."

வேண்டாம் அத்தை என்று கெஞ்சினேன். அசையவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். அடுப்படியில் என் பக்கத்திலேயே நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலம். கொதித்துக் கொதித்தும் நீலம்.

அடுப்பை அணைத்த பிறகுதான், கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பாப்பாவைத் தூக்கினார்.