மூத்தவள் சம்மதம்

அருவங்காடு,
தாது வருஷம் ஐப்பசி 9

பந்தலூர் தோட்டத்துப் பெரிய கிளார்க்காகிய என் புருஷன் அவர்களுக்கு மருதாம்பாள் எழுதுவது. இங்கே அண்ணன் குவார்ட்டர்ஸில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தை மாதம் அம்சவேணியைக் கட்டப்போவதாகவும், பெண்ணின் அப்பா ஆறுக்குட்டி மூத்தவள் சம்மதத்தை எழுத்தில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் எழுதவேண்டிய வாசகத்தையும் நீங்களே அனுப்பியிருந்தீர்கள். 'எனக்குக் கரு தங்காத தோஷம் இருப்பதால்' என்று. அதை அடுப்பில் போட்டேன்.

நாலு பிள்ளைகளைப் புதைத்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் அம்மா என் வயிற்றைத்தான் திட்டினார். நீங்கள் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆடியில் நாலாவதும் செத்துப் பிறந்தபோது குன்னூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். மேகவியாதி, கெட்ட சகவாசத்தில் ஒட்டுவது. எனக்கு!

"உங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குங்களா, மூச்சு வாங்குங்களா?" என்று கேட்டார். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கழுத்து துடித்துச் சட்டைக் காலர் ஆடுவதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்த வியாதி வருஷக்கணக்கில் உள்ளே இருந்து நெஞ்சின் பெரிய ரத்தக்குழாயை விரித்துவிடுமாம். நெஞ்சுக்குள் இருக்கும் கதவு சரியாக மூடாமல், போன ரத்தம் திரும்பி வருமாம். நேரில் பார்த்து எக்ஸ்ரே எடுத்தால்தான் நிச்சயமாம்.

உங்கள் தோட்டத்துக் கம்பவுண்டர் சில்வஸ்டரை அண்ணன் பிடித்து உலுக்கிவிட்டார். போன வருஷம் புரட்டாசியிலேயே உங்களுக்குத் தெரியுமாம். நாலு ஊசியோடு நிறுத்தினீர்களாம். லீவு கேட்டால் நோய்ச்சீட்டைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் முன்னால் வாசிப்பார்கள், கிளார்க் மானம் போய்விடும் என்று பயந்து, சீட்டில் 'வாய்வு' என எழுதவைத்தீர்கள். நாலாவது பிள்ளை அதற்குப் பிறகு உண்டானது. பாவி, தெரிந்தே செய்தீர்கள்.

நான் வெள்ளிதோறும் ஊசி போட்டுக்கொள்கிறேன். நெஞ்சு கெட்டவர்களுக்கு எடுத்த எடுப்பில் கடுமையான ஊசி போடமாட்டார்களாம். முதலில் படுக்கையும் மருந்துத் தண்ணீரும்தான். விரிந்தது சுருங்காது, மேலே கெடாமல் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. பங்களா மேட்டை வேகமாக ஏறவேண்டாம்.

நீங்கள் கேட்ட கடிதத்தையும் எழுதிவிட்டேன், என் வாசகத்தில். ரத்தச் சோதனைச் சீட்டை அதோடு குத்தி, அண்ணன் நேற்றே ஆறுக்குட்டி கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணாவது பிழைக்கட்டும். இனி மறைக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரத் தடையும் இல்லை.

வருகிற வெள்ளி காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பேன். உங்களோடு பேசமாட்டேன். ஆனால் பன்னிரண்டு வருஷமாக வாயால் சொல்லாத உங்கள் பேரை, லிங்கசாமி என்று, எல்லோர் முன்னாலும் சொல்லிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். கூப்பிடும்போது அங்கே இருங்கள்.

இப்படிக்கு,
மருதாம்பாள்