பூட்டிக் கிடக்கும் சிவப்புத் தொட்டி

செவ்வாய், இரவு

இன்று ஆபீஸ் கழிப்பறையில் கால் மணி நேரம் ஒளிந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, ஹெட் கிளார்க், தொந்தி வேறு. கொசு கடித்தும் அசையவில்லை.

வெளியே கஸ்தூரியின் குரல். சாலவாக்கத்திலிருந்து வந்து எங்கள் ஆபீசில் குப்பை எடுப்பவள். நேற்று கூடையைக் கொட்டிப் பிரிக்கும்போது அவள் கட்டைவிரலில் ஓர் ஊசி ஏறிவிட்டது. இன்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"யாரு போட்ட ஊசின்னு சொன்னா போதும் சார். சண்டைக்கு வரல. இன்னா நோவு ஒட்டிக்கினுதோன்னு பயமா கீது. கொயந்தைக்கும் ஒட்டிக்குமோன்னு நேத்துலேர்ந்து பால் குடுக்கல."

"ஆபீஸ்ல ஏதும்மா ஊசி? வேற எங்கனா குத்தியிருக்கும்" என்றார் மேனேஜர்.

டைப்பிஸ்ட் விமலா விடவில்லை. "ஊசி, பிளேடு போடத்தானே சார் சிவப்புத் தொட்டி வாங்கனோம்? அத்த எதுக்கு பூட்டி வெச்சிக்கினு கீறீங்க?"

குப்பையைப் பிரித்துப் போட வாங்கிய மூன்று நிறத் தொட்டிகளும் உறைகூடப் பிரிக்காமல் ரெக்கார்டு ரூமில் கிடக்கின்றன. மேலதிகாரி வரும் நாளில் பளபளவென்று இருக்க வேண்டுமாம். அதுவரை சாம்பார் இலை, காகிதம், பிளேடு எல்லாம் ஒரே கூடைதான். சிவப்புத் தொட்டியில் அரிசி கொட்டி வைக்கலாம் என்று மேனேஜர் வீட்டம்மா கேட்டாராம். விமலா சொன்ன சேதி.

மேனேஜரைத் திட்டி ஒரு பக்கம் எழுதியும் தூக்கம் வரவில்லை. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதைக் கழிப்பறைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

நேற்று மேசைக்கு அடியில் இன்சுலின் போட்டுக்கொண்டு ஊசியைக் கூடையில் எறிந்தது நான்தான். எனக்குச் சர்க்கரையைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லை.